தோற்றால் நீ வீட்டுக்கு வருவாய்

தம்பி,

உன் பயிற்சியாளரின் அலுவலகத்திலிருந்து வந்த மின்னஞ்சலுக்குப் பதில் போட்டுவிட்டேன். இந்த வருடத்தோடு படிப்பு முடிந்து அணியை விட்டுப் போகிற பிள்ளைகளுக்கு அவரவர் தாய் தகப்பன் ஒரு பக்கம் எழுதித் தரவேண்டுமாம். எல்லாவற்றையும் ஒன்றாகக் கோத்து விருந்தன்று கையில் கொடுப்பார்களாம். நான் எழுதிய ஆங்கிலப் பக்கம் நன்றாகத்தான் இருக்கிறது. பெருமைப்படுகிறோம், நன்றி சொல்கிறோம், உழைப்பு, ஒற்றுமை எல்லாம் அதில் உண்டு. ஷார்ஜா ரோலாவில் ஒரு கிளினிக்கின் வரவேற்பு மேசையில் அத்தனை காலம் இருந்தவளுக்கு அப்படி ஒரு பக்கம் எழுதுவது பெரிய காரியமில்லை. அதில் ஒரு பொய்யும் இல்லை. ஆனால் உன் அமெரிக்கன் ஃபுட்போல் அணி விளையாடிய அந்தக் கடைசிப் பருவத்தை நானும் அப்பாவும் ஷார்ஜாவில் இருந்து எப்படிப் பார்த்தோம் என்பது அதில் இல்லை. அதை ஆங்கிலத்தில் எழுதினால் உன் பயிற்சியாளர் என்னைப் பற்றி என்ன நினைப்பாரோ தெரியாது. அதனால் இதைத் தமிழில் எழுதுகிறேன். நீ எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய் என்று தெரியும். அவசரமில்லை, மெதுவாக வாசி. பிள்ளையைத் தூர தேசத்தில் விட்டுவிட்டுத் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிற வேறு அம்மாமார் யாராவது வாசித்தாலும் எனக்கு ஒன்றுமில்லை.

சுற்றி வளைக்காமல் முதலில் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். நவம்பரில் உன் அணி தோற்கவேண்டும் என்று நான் விரும்பினேன். கோயிலுக்கு நேர்த்தி வைக்கவில்லை, அது ஒன்றுதான் குறை. அப்பாவும் அப்படித்தான் விரும்பினார். இரண்டு பேரும் ஒரே சோபாவில் ஒருவருக்கொருவர் தெரியாமல் இதை விரும்பிக்கொண்டிருந்தோம்.

ஏன் என்று உனக்கே தெரியும், ஆனாலும் முழுதாகத் தெரியாது. அப்பாவுக்கு வயது அறுபதாகிவிட்டது. அல் குசைஸ் குடோனில் அவர் பார்த்த ஸ்டோர் வேலையை இளம் ஆள் ஒருவரிடம் ஒப்படைக்கச் சொல்லிவிட்டார்கள். வேலை போனால் விசா போகும், விசா போனால் வீடு போகும். அங்கே பிறந்து வளர்ந்த உனக்கு நான் இதை விளக்கத் தேவையில்லை. ஆனால் அந்த ஒழுங்கில் ஒன்று எனக்கே அப்போதுதான் உறைத்தது. அப்பாவின் விசாவை ரத்துச் செய்வதற்கு முதல் அவருக்குக் கீழே இருக்கிற உன் விசாவையும் என் விசாவையும் ரத்துச் செய்யவேண்டும். முதலில் பிள்ளை, பிறகு மனைவி, கடைசியில் அவர். அதாவது அந்த நாட்டிலிருந்து எங்களில் முதலில் வெளியேறப்போவது, அங்கே இல்லாத நீதான். நவம்பர் முடிய எல்லாம் முடிந்துவிடவேண்டும் என்று கம்பனியில் சொல்லிவிட்டார்கள். வீட்டுக் குத்தகையும் அதோடு சரி.

நீ பிறந்தது ஷார்ஜாவில். நடந்தது, விழுந்தது, பள்ளிக்கூட பஸ்ஸில் வாந்தி எடுத்தது எல்லாம் ஷார்ஜாவில். அந்த விசா இருக்கும்போதே ஒரு தடவை, கடைசித் தடவை, நீ உன் அடையாள அட்டையைக் காட்டிக்கொண்டு விமான நிலையத்தில் இறங்கி, ரோலாவுக்கு வந்து, உன் கட்டிலில் நாலு நாள் படுத்துவிட்டுப் போகவேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். பெரிய ஆசை என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

நாங்கள் விட்ட பிழை ஒன்று இருக்கிறது. வளைகுடாவில் காலம் கழித்தவர்கள்தான் இப்படி ஒரு பிழை விடுவார்கள். பருவம் தொடங்குவதற்கு முன்பே அப்பா உங்கள் அணியின் இணையப் பக்கத்திலிருந்து போட்டி நாட்களை எடுத்து, கடைசிப் போட்டி நவம்பர் நடுவில் என்று பார்த்து, அதற்கு ஒரு வாரம் தள்ளி உங்களுக்கு வருகிற நன்றி தெரிவிக்கும் விடுமுறைக்கு உனக்கு டிக்கெட் போட்டுவிட்டார். உன்னிடம் கேட்கவும் இல்லை. விசா என்றால் அதில் ஒரு முடிவு நாள் அடித்திருக்கும். கொன்றாக்ட், குத்தகை, மருத்துவக் காப்புறுதி எல்லாவற்றிலும் அடித்திருக்கும். அந்த நாள் வந்தால் கலாஸ், முடிந்தது. நன்றாக வேலை செய்தாய் என்பதற்காக அந்த நாள் தள்ளிப்போனதை நாங்கள் ஒருநாளும் கண்டதில்லை. நன்றாக விளையாடினால் பருவம் நீளும், வெல்ல வெல்ல இன்னும் ஒரு வாரம், இன்னும் ஒரு வாரம் என்று போகும் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? நீயும் சொல்லவில்லை. உங்கள் அணி அந்த மட்டத்துக்குப் போகும் என்று நீயே நம்பவில்லை என்று பிறகு சொன்னாய்.

நம்பாததற்குக் காரணமும் இருந்தது. செப்டம்பரில் முதல் இரண்டு போட்டியும் தோல்வி. முதல் போட்டியில் நீ உதைத்த பந்து கம்பத்தில் பட்டு வெளியே போனது. நீ அன்று தொலைபேசியில் கதைத்த குரல் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. நான் ஆறுதல் சொல்வதாக நினைத்து, சாப்பிட்டாயா என்று மூன்று தரம் கேட்டேன். அப்பா தொலைபேசியை வாங்கி, காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று கேட்டார். அப்போதுதான் நீ வாய் திறந்தாய். ஆறுதல் சொல்லவேண்டிய நேரத்தில் விபரம் கேட்பதுதான் சில பேருக்கு ஆறுதல் என்று அன்று கண்டுகொண்டேன். நாளைக்கு உனக்கென்று ஒருத்தி வருவாள். அவள் துவண்டு வரும்போது அவளுக்கு எது ஆறுதல் என்று முதலில் கண்டுபிடி. உனக்கு எது ஆறுதலோ அதைத் தூக்கி அவளிடம் கொடுக்காதே. இருபத்தெட்டு வருடக் குடித்தனத்தில் அப்பாவுக்கு இது இன்னும் பிடிபடவில்லை.

எங்கள் வீட்டில் அந்த விளையாட்டு எப்படி ஓடியது என்று உனக்குச் சொல்லவேண்டும். உங்களுக்கு நண்பகல், எங்களுக்கு இரவுச் சாப்பாட்டு நேரம். அப்பா மடிக்கணினியை டிவியோடு பொருத்திவிட்டு எனக்கு விதிமுறை விளக்குவார். நாலு தடவை முயற்சி செய்யலாம், அதற்குள் பத்து யார்ட் தூரம் முன்னே போகவேண்டும், முடியாமல் போய்விட்டால் பந்தைத் தூர உதைத்து எதிராளியிடம் கொடுக்கவேண்டும், கம்பத்துக்குக் கிட்ட வந்து முடியாமல் போனால் உன்னைக் கூப்பிடுவார்கள், நீ இரண்டு கம்பத்துக்கும் நடுவால் உதைத்தால் மூன்று புள்ளி. எல்லாரும் முட்டி மோதிக் களைத்த பிறகு கூப்பிடுகிற ஆள் நீ. வீட்டிலும் அதுதானே. இன்டர்நெட் வேலை செய்யாவிட்டால் அப்பா ஒரு மணித்தியாலம் மல்லுக்கட்டி, நான் ஒரு மணித்தியாலம் அவரோடு மல்லுக்கட்டி, கடைசியில் உன்னைக் கூப்பிடுவோம்.

கீழ்மாடியில் கிராசரி வைத்திருந்த சாகுல் பாயை நீ மறக்கமாட்டாய். கீழக்கரைக்காரர், உனக்குப் பால்பல் விழுந்த காலத்திலிருந்து உன்னைத் தெரிந்தவர். கடையைப் பையனிடம் விட்டுவிட்டு, கையில் ஒரு பிஸ்கட் பொதியோடு மேலே வருவார். முதல் நாள் ஒரு மணித்தியாலம் பொறுமையாகப் பார்த்துவிட்டு என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"என்னக்கா, தம்பிய வெளியிலயே நிப்பாட்டி வச்சிருக்காங்க? வாத்தியார் கோச்சுக்கிட்டாரா?"

அது அப்படித்தான், அவனுடைய வேலை சில நொடிதான் என்று அப்பா விளக்கினார். சில நொடி வேலைக்கு அமெரிக்கா வரை போகவேண்டுமா என்று பாய் யோசித்தது அவர் முகத்தில் தெரிந்தது. ஆனால் அக்டோபரில் நீங்கள் வரிசையாக வெல்லத் தொடங்கிய பிறகு அவர்தான் எங்களைவிட மோசம். சனிக்கிழமை வந்தால் கடைக்கு வருகிற பேச்சிலர் பெடியன்களிடமெல்லாம் உன் கதைதான். "மேல் மாடித் தம்பி" என்று சொன்னால் அந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

அவர் சொன்ன ஒன்று எனக்குப் பிடித்திருந்தது. தம்பி உதைப்பு எங்கே படித்தது என்று ஒருநாள் யாரோ கேட்க, "இதோ, இந்த மண்ணுலதான்" என்று கட்டடத்துக்குப் பின்னால் கைகாட்டினாராம். அந்த மண் இப்போது இல்லை, எட்டு மாடிக் கட்டடம் நிற்கிறது. வெள்ளிக்கிழமைகளில் அங்கே நீங்கள் விளையாடும்போது நடுவில் எப்போதும் ஒரு வரிசை கார் நிற்கும். பந்தைத் தரையோடு உதைத்தால் காருக்கு அடியில் போகும், நடுவில் உதைத்தால் கண்ணாடி போகும். அதனால் தூக்கி உதைக்கப் பழகினாய். ஒரு வெள்ளிக்கிழமை அது சரிவரவில்லை. பெஷாவர்க்காரர் ஒருவரின் டாக்சிக் கண்ணாடி போனது. அவர் மேலே ஏறி வந்து சத்தம் போடுவார் என்று நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். அவரோ உன்னைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, அடுத்த வெள்ளி வந்து காரைக் கழுவச் சொன்னார். நீ கழுவப் போனாய். பிறகு அவர் மகனின் படத்தைக் காட்டினார் என்றும், அவனும் உன் வயது என்றும் வந்து சொன்னாய். தண்டனை முடிந்த பிறகும் நீ இரண்டு மூன்று வெள்ளி போய்க் கழுவியது எனக்கு விளங்கவில்லை. இப்போது விளங்குகிறது. பிள்ளையைத் தூரத்தில் வைத்திருக்கிறவருக்கு வேறு ஒரு பிள்ளை வந்து முன்னால் நின்றால் போதும்.

அந்த வீட்டை நாங்கள் வீடு என்று சொல்ல உன்னை விட்டதில்லை. இது என் மனதில் குத்திக்கொண்டே இருக்கிறது, அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன். சுவரில் ஆணி அடிக்க விடமாட்டோம். அடுத்த வருடம் போகப்போகிறோம், எதற்கு ஓட்டை என்று சொல்லுவோம். உன் பள்ளிக்கூடப் பதக்கமெல்லாம் அலமாரி இழுப்பறைக்குள்தான் கிடந்தன. நல்ல மேசை வாங்கவில்லை, நல்ல திரைச்சீலை வாங்கவில்லை, அடுத்த வருடம், அடுத்த வருடம் என்று உனக்கு மீசை முளைத்துவிட்டது. ஒருமுறை கொழும்பில் விடுமுறை கழித்துத் திரும்பும்போது, விமானம் இறங்க, ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு வீடு வந்துவிட்டது என்றாய். "இது வீடில்லை, அப்பா வேலை செய்யிற இடம்" என்று நான்தான் திருத்தினேன். எவ்வளவு கெட்டிக்காரி நான். உன்னுடைய பிள்ளைகள் எந்த ஊரில் வளர்ந்தாலும், போன மாதம் வந்த ஊராக இருந்தாலும், முதல் வேலையாகச் சுவரில் ஆணி அடி.

நவம்பர் நடுவில் வந்தது உங்கள் கடைசிப் போட்டி என்று நாங்கள் நம்பியிருந்த போட்டி. அன்று உங்கள் மைதானத்தில், போகப்போகிற பிள்ளைகள் தாய் தகப்பனோடு கைகோத்து நடந்து வருவது வழக்கம் என்று சொல்லியிருந்தாய். எங்களுக்கு அமெரிக்க விசா நேர்முகத்துக்கு நாள் கிடைக்கவில்லை. நீ தனியே நடப்பாய் என்று நினைத்து நான் டிவியை முதலில் பார்க்கவே இல்லை, குசினிக்குள் நின்றேன். அப்பா கூப்பிட்டார். உன் அறைத்தோழனின் தாய் ஒரு பக்கம் தன் மகனையும் மறுபக்கம் உன்னையும் பிடித்துக்கொண்டு நடந்துவந்தாள். அவளுக்கு நான் இன்றைக்கும் கடன்பட்டவள். அந்த நேரத்தில் எனக்கு வந்தது நன்றியில்லை, நல்ல வயிற்றெரிச்சல். இரண்டும் உண்மை என்பதால் இரண்டையும் எழுதுகிறேன்.

அன்று நீங்கள் வென்றீர்கள். சாகுல் பாய் கைதட்டிக்கொண்டு இறங்கிப் போனார். நாங்களும் சந்தோஷப்பட்டோம், நீ பெட்டி அடுக்குவாய் என்று நினைத்துக்கொண்டு. கொஞ்ச நேரத்தில் உன் அழைப்பு வந்தது. வென்றதால் உங்கள் அணியை நொக்அவுட் சுற்றுக்கு எடுத்துவிட்டார்கள், அடுத்த சனி வேறு ஊரில் போட்டி என்றாய். அதில் தோற்றால் டிக்கெட் போட்ட நாளுக்கே வரலாம், வென்றால் விடுமுறை முழுக்கப் பயிற்சி, அதற்கடுத்த சனி இன்னொரு போட்டி, பிறகு பரீட்சை. ஒன்றும் பிரச்சினையில்லை, பெரிய அணியோடுதான் மோதுகிறோம், தோற்றுவிடுவோம் என்று நீ எனக்குத் தைரியம் சொன்னாய். தோற்றுவிடுவோம் என்று ஒரு பிள்ளை தாய்க்குத் தைரியம் சொல்வதை யாராவது கேள்விப்பட்டிருப்பார்களா?

அந்த ஒரு வாரம் எங்கள் வீடு இருந்த கோலத்தை நீ பார்த்திருக்கவேண்டும். கார்கோக்காரர்கள் வந்து சாமானை அளந்து கட்டிக்கொண்டு போனார்கள். உன் அறையை மட்டும் தொடக்கூடாது என்று நான் வாசலில் நின்றேன். உன் கட்டிலை மூன்றாம் மாடிக் குடும்பம் கேட்டிருந்தது. மகன் வந்து போன பிறகு எடுக்கலாம் என்று சொல்லி வைத்தேன். மீன் மார்க்கெட்டுக்குப் போய் அறுக்குளா வாங்கி வெட்டிக் குளிரில் வைத்தேன். அப்பா கம்பனியில் விசா அலுவல் பார்க்கிற எகிப்தியரிடம் போய் இரண்டு வாரம் தவணை கேட்டுப் பார்த்தார். அந்த மனிதர் நல்லவர், இருக்கவைத்துத் தேநீர் கொடுத்து, கையை விரித்து, கலாஸ் என்றாராம். வீட்டுக்கு வந்த அப்பா சப்பாத்தைக் கழற்றாமலே கதிரையில் இருந்தார்.

"ஒரு மட்ச் தோத்தா என்ன? உலகம் அழிஞ்சு போடுமே?" என்றார்.

உங்கட வாயால வந்திட்டுது, அது போதும் என்றேன் நான். பிறகு இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அத்தனை நாளும் எதிரணி புள்ளி எடுக்கும்போது அவருடைய "ஐயோ" மட்டும் கொஞ்சம் பிந்தி வந்ததை நான் கவனித்துத்தான் இருந்தேன். அவரும் என்னைக் கவனித்திருக்கிறார்.

அந்தச் சனிக்கிழமை சோபா போய்விட்டிருந்தது, டிவி மட்டும் தரையில் இருந்தது. நாங்கள் பாயைப் போட்டு இருந்தோம். சாகுல் பாய்க்கு முழங்கால் வருத்தம் என்பதால் அவர் மட்டும் ஒரு பிளாஸ்டிக் கதிரை கொண்டுவந்தார். எங்கள் மனதில் ஓடியது அவருக்குத் தெரியாது. உங்கள் அணி தட்டுத்தடுமாறி, விழுந்து எழும்பி, முடிவுக்குக் கிட்ட வரும்வரை பின்தங்கியே இருந்தது. நான் மனதுக்குள் விமான நிலையத்துக்கு எந்த டாக்சியில் போவது என்றுகூட யோசித்துவிட்டேன். பிறகு உங்கள் பெடியன்களுக்கு என்ன பிடித்ததோ தெரியாது, கொஞ்சம் கொஞ்சமாக முன்னுக்கு வந்தார்கள். இரண்டு புள்ளி குறைவு, நேரம் முடியப்போகிறது, நாலாவது தடவை. பயிற்சியாளர் கையைக் காட்டினார். நீ தலைக்கவசத்தைப் போட்டுக்கொண்டு ஓடி வந்தாய்.

உதைக்கப் போகும் நேரம் பார்த்து எதிரணிக்காரர் ஆட்டத்தை நிறுத்திவிட்டார். உன்னை நிற்கவைத்து யோசிக்கவைத்துப் பதறவைக்கத்தான் அப்படிச் செய்வார்கள் என்று அப்பா பாய்க்குச் சொன்னார். "அட, இது அநியாயமால்ல இருக்கு" என்றார் பாய். நீ அங்கேயே நின்றாய். கமரா உன் முகத்துக்குக் கிட்ட வந்தது. மூச்சு ஆவியாகப் போய்க்கொண்டிருந்தது, மூக்கு சிவந்திருந்தது, கழுத்துக்கு ஒன்றும் சுற்றவில்லை. ரோலா மண்ணில் செய்ததுபோல வலது சப்பாத்தின் முனையை இடது காலின் பின்பக்கத்தில் இரண்டு தரம் துடைத்தாய். அங்கே ஈரப் புல்தான் இருந்தது, துடைக்க மண்ணே இல்லை.  அங்கே நிற்பது என்னிடம் வரவேண்டிய பிள்ளை என்று அதுவரை பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில்தான், அவன் இதற்காக நாலு வருடம் குளிரில் நின்றிருக்கிறான் என்று பட்டது. முதல் இரண்டு வருடம் உன்னை ஒரு போட்டியிலும் இறக்கவில்லை. ஒரு தரம்கூட நீ முறைப்பாடு சொல்லவில்லை, நானும் ஒரு தரம்கூடக் கேட்கவில்லை.

உங்கள் பெடியன் ஒருவன் பந்தைப் பின்னால் எறிந்தான், இன்னொருவன் பிடித்து நிறுத்தினான், நீ உதைத்தாய். எப்போது எழும்பினேன் என்று எனக்குத் தெரியாது. நான் நின்றுகொண்டிருந்தேன்.

"போ! உள்ளுக்குப் போ!" என்று கத்தினேன். அடுத்த மாடிக்குக் கேட்டிருக்கும்.

பந்து உள்ளே போனது. பாய் கதிரையை விட்டு எழும்பி அல்ஹம்துலில்லாஹ் என்றார். டிவியில் உன்னைப் பத்துப் பதினைந்து தடியன்கள் கீழே போட்டு அமுக்கினார்கள். நான் கைதட்டினேன், பாயில் நின்று குதித்தேன் என்று அப்பா சொல்கிறார், அதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். சத்தம் அடங்கின பிறகு அவர் என்னைப் பார்க்காமல், டிவியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அப்ப பெடியன் வரமாட்டான்."

பாய் எங்கள் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு விஷயத்தைச் சொன்னோம்.  அவர் கீழே போய் மூன்று பெப்சி கொண்டுவந்தார். ஜெயிச்சா ஜெயிச்சதுதான் என்று சொல்லி எங்கள் கையில் வைத்தார்.

நீ அழைத்தபோது உன் பின்னால் ஒரே கூச்சல். நீ முதலில் சொன்னது, வென்றுவிட்டோம் என்று அல்ல, "ஸொரி அம்மா" என்று. "வெண்டு போட்டு ஏன்ரா மன்னிப்புக் கேக்கிறாய்?" என்று நான் பேசினேன். பேசாவிட்டால் அழுதிருப்பேன். அதற்காகத்தான் பேசினேன். இதை நீ வாழ்க்கை முழுக்க வைத்துக்கொள். தோற்றதற்கு மன்னிப்புக் கேள், பிந்தி வந்ததற்குக் கேள், பெண்டாட்டியின் பிறந்தநாளை மறந்ததற்கு முழங்காலில் நின்று கேள். வென்றதற்கு மட்டும் யாரிடமும் கேட்காதே, என்னிடமும் கேட்காதே.

திங்கட்கிழமை நானும் அப்பாவும் டைப்பிங் சென்டருக்குப் போனோம். விசா ரத்து விண்ணப்பம் அடிக்கிற மலையாளப் பெண் உன் பெயரை அடித்துவிட்டு, ஆள் நாட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று கேட்டாள். எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான்.  வெளியே என்று நான் சொன்னேன். அவள் ஒரு பொத்தானை அமுக்கினாள். இருபத்திரண்டு வருடமாக அந்த நாட்டுப் பதிவில் இருந்த பிள்ளையின் இருப்பு அதோடு முடிந்தது. வெளியே வந்து கறக் தேநீர் வாங்கிக் குடித்தோம். வீட்டுக்கு வந்து உன் அறையை நான்தான் கட்டினேன். மூன்றாம் மாடிக்காரரைக் கூப்பிட்டுக் கட்டிலைக் கொடுத்தேன். அறுக்குளாவைப் பாயின் மனைவிக்குக் கொடுத்தேன்.

அதற்கடுத்த சனி நீங்கள் தோற்றீர்கள். கொஞ்சமாக அல்ல, பார்க்கச் சகிக்காத தோல்வி. உன்னை உதைக்கவே கூப்பிடவில்லை. டிவியும் போய்விட்டதால் அப்பாவின் தொலைபேசியில் பார்த்தோம். போன வாரம் வந்திருந்தால் உன்னை வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கும் தோல்வி, இந்த வாரம் எதற்கும் உதவாமல் வந்தது. உனக்காக நான் அன்று அழுதேன். டிக்கெட்டுக்காக அல்ல, விசாவுக்காக அல்ல. நீ தலைக்கவசத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எல்லாரும் போன பிறகும் மைதானக் கோட்டுக்கு அருகே நின்றுகொண்டிருந்தாய், அதற்காக.

டிசம்பரில் பரீட்சை முடிந்து நீ கொழும்புக்கு, வெள்ளவத்தையில் நாங்கள் குடிவந்த இந்தப் புது வீட்டுக்கு, வந்தாய். துபாய் வழியாகத்தான் டிக்கெட் கிடைத்தது. அங்கே அரைநாள் காத்திருக்கவேண்டும், வெளியே போக உன்னிடம் விசா இல்லை. அங்கிருந்து எனக்கு அழைத்தாய்.

"அம்மா, கண்ணாடிக்கு அங்கால வெளிச்சமெல்லாம் தெரியுது. அரை மணித்தியாலத்தில ரோலாவுக்குப் போயிடலாம்."

 பிறகு கேட்டாய்.

"நான் அண்டைக்கு அதை அடிச்சது பிழையோ அம்மா?"

உன் குரல் கேட்கவில்லை, சிக்னல் இல்லை என்று சொல்லி நான் தொலைபேசியை வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.  நீயும் வந்த பிறகு கேட்கவில்லை, இரண்டு கிழமை நன்றாகச் சாப்பிட்டாய், அப்பாவோடு கடற்கரையில் நடந்தாய், போய்விட்டாய். இத்தனை மாதம் அந்தக் கேள்வியை நான் பதில் சொல்லாமல் வைத்திருக்கிறேன்.

பிழையில்லை தம்பி. நீ அன்று வீட்டுக்கு வரவேண்டும் என்று என்னைவிட அதிகமாக ஆசைப்பட்ட ஆள் இந்த உலகத்தில் கிடையாது. நீ உதைத்தது உள்ளே போனால் வரமாட்டாய் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்த ஆளும் கிடையாது. போ என்று கத்தச் சொல்லி எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நீ அங்கே நின்றதைப் பார்த்தேன், கத்தினேன். நாளைக்கு நீ எங்கேயாவது போக நிற்கும்போது நான் இருமல், தடிமன், பிரஷர் என்று ஏதாவது சொல்லி உன்னை மறிப்பேன். என் குணம் உனக்குத் தெரியும். அப்போது நான் சொல்வதைக் கேட்காதே. நான் அன்றைக்குக் கத்தினதைக் கேட்டுக்கொண்டு போ.

அம்மா